முனுசாமி வகையறா

டர்பனிலிருந்து வந்திருந்த அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது ஒரே ஒரு தாள். நேட்டால் குடியேற்றப் பதிவேட்டின் நகல். ஆளுக்கு ஒரு வரி. முதலில் எண், அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், கடைசிக் கட்டத்தில் உடம்பில் உள்ள அடையாளம். அவர்கள் விரல் வைத்துக் காட்டிய வரியில் இருந்தவர் முனுசாமி. தகப்பன் பெயர் ஏழுமலை. வயது 22. இடது புருவத்துக்கு மேல் தழும்பு. ஊர் புதூர், ஆற்காடு தாலுகா, வட ஆற்காடு ஜில்லா. அவர் வழியில் வந்தவர்களுக்கெல்லாம் தென்னாப்பிரிக்காவில் இன்று குடும்பப் பெயர் ‘மூன்சாமி’. கொள்ளுப்பேத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை. தமிழில் அவருக்குத் தெரிந்தவை தாத்தா, ஆயா, மாமா, அத்தை, இன்னும் சில சாமிப் பெயர்கள். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: “இந்தப் பக்கத்தில் மூன்சாமி குடும்பத்தார் இன்னும் இருக்கிறார்களா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. வட ஆற்காட்டில் முனுசாமி இல்லாத ஊரே கிடையாது. மூன்சாமி குடும்பம் என்று ஒன்று எந்த ஊரிலும் கிடையாது. இரண்டுமே உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான், கடல் கடந்துபோன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பலர் வழி தெரியாமல் நிற்கிறார்கள்.

அவர் கேட்ட கேள்வி இங்கிலாந்துக்குப் பொருந்தும். அங்கே குடும்பப் பெயர் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் பல நூற்றாண்டுகளாக இறங்கி வருகிறது. ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயர் உள்ளவர்கள் உலகத்தில் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் தேடித் தொகுப்பதற்காகவே ‘கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ்’ என்ற சங்கம் 1979 முதல் அங்கே இயங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன்னைப் போலவே ‘சைக்ஸ்’ என்ற பெயர் கொண்ட, ஆனால் தனக்கு எந்த உறவும் தெரியாத ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்தார். 2000-ல் வெளியான அந்த ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஒரே மூதாதையைக் காட்டும் மரபணு அடையாளம் இருந்தது. பெயரும் ரத்தமும் அங்கே ஒரே தடத்தில் ஓடியிருக்கின்றன.

நம்மிடம் இருப்பது இனிஷியல். என் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து என் பெயருக்கு முன்னால் நிற்கிறது. என் மகனுக்கு என் பெயரின் முதல் எழுத்து. தாத்தாவின் எழுத்து அதற்குள் உதிர்ந்துபோயிற்று. ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் ஒரு படி நகர்ந்துவிடும். இந்த நகரும் பெயரைத்தான் காலனி அரசின் பதிவேடு ஓர் இடத்தில் பிடித்து நிறுத்தியது.

மதராசிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். 1866-ல் நின்றுபோன ஆள் அனுப்பல் 1874-ல் மறுபடி தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கஞ்சித் தொட்டிக்கும் கப்பலுக்கும் இடையில் மாட்டிக்கொண்டவர்கள் கப்பலைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையில் கப்பலுக்குக் காத்திருந்த டிப்போவில் அவர்கள் தங்கள் பெயரை வாயால் சொன்னார்கள். குமாஸ்தா தன் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். ‘முனுசாமி’க்கு ஒருவர் இரண்டு ‘ஓ’ போட்டார், ஒருவர் ஒரு ‘யூ’ போட்டார், இன்னொருவர் நடுவில் இருந்த ‘னு’வை ‘னி’ ஆக்கிவிட்டார். இன்று மூன்சாமி, முன்சாமி, முனிசாமி என்று மூன்று குடும்பப் பெயர்கள். ‘ழ’ எந்தக் குமாஸ்தாவின் பேனாவிலும் பிழைக்கவில்லை. வடக்கு மாவட்டங்களில் சிலர் வாயில் ஏழுமலை ‘ஏயுமலை’ ஆகும். அதைக் கேட்டு எழுதிய ஆங்கிலத்திலிருந்து ஏழுமலையை மீட்டெடுக்க, அந்தச் சீமைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காது வேண்டும்.

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பப் பெயர்களில் ஒரு பகுதி சாதிப் பட்டங்கள்: பிள்ளை, மூட்லி, படையாச்சி, நாயக்கர், செட்டி, கவுண்டன். ‘கவுண்டர்’ என்ற ஒரே சொல் ஒரு கையெழுத்தில் கவுண்டன் என்றும் இன்னொன்றில் கோவெண்டர் என்றும் விழுந்தது. இன்று அவை இரண்டு தனிக் குடும்பப் பெயர்கள். கோவெண்டர் என்ற பெயரைத் துப்பாக வைத்துக்கொண்டு சொந்தக்காரரைத் தேடுவது, தமிழ்நாட்டில் இறங்கி ‘பிள்ளைமார் வீடு எது?’ என்று கேட்பதைப் போன்றது. அதோடு, டிப்போவில் சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. கரையிறங்கிய பிறகு மதிப்பான பட்டம் ஒன்றைப் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஊரில் தெருவுக்குள் நடக்கவே உரிமை இல்லாத மனிதர் கடலைக் கடந்த பின் தனக்கு ஒரு பட்டம் சூட்டிக்கொண்டிருந்தால், அதைப் பொய் என்று எழுத என் கை வராது. ஆனால் வேர் தேடுகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், தனக்குச் சம்பந்தமே இல்லாத சாதிக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பார்.

மறு பகுதி, ஒரு தனி மனிதரின் பெயர் உறைந்து குடும்பப் பெயரானது: மூன்சாமி, பெருமாள், முருகன், வடிவேலு. இவை பட்டங்களை விட ஆயிரம் மடங்கு நல்ல துப்பு. அந்தப் பெயருக்குப் பின்னால் குறிப்பிட்ட கப்பலில் குறிப்பிட்ட நாளில் வந்து இறங்கிய ஓர் ஆள் இருக்கிறார். ஆனால் இங்கும் ஒரு கண்ணி உண்டு. ஆறுமுகத்தின் மகன் சின்னசாமி என்று வைத்துக்கொள்வோம். சின்னசாமியின் பிள்ளைகளைப் பதியப் போன இடத்தில் எழுத்தர் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதினால் அவர்கள் ‘சின்னசாமி’கள். அவருடைய தம்பி பிள்ளைகளுக்கு வேறோர் எழுத்தர் பாட்டனார் பெயரை எழுதினால் அவர்கள் ‘ஆறுமுகம்’கள். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இரண்டு பெயர்களோடு இரண்டு ஊர்களுக்குப் பிரிந்து போனால், அடுத்த தலைமுறை ஒருவரையொருவர் யாரென்றே அறியாது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடங்களிலும் இதே கதைதான், எழுத்து மட்டும் வேறு. குவாதலூப் தீவுக்கு முதல் இந்தியர்களைக் கொண்டுபோன ‘ஒரேலி’ கப்பல் 1854 டிசம்பர் கடைசியில் கரை சேர்ந்தது. அங்கே முத்துசாமி ‘மூட்டூசாமி’ ஆனார். சிதம்பரம் ‘சிதாம்பரோம்’ ஆனது. அந்தப் பெயரைத் தாங்கிய ஆன்ரி சிதாம்பரோம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904-ல் தொடங்கிய போராட்டம் 1923-ல்தான் முடிந்தது. புதுச்சேரியிலேயே 1881-ல் வந்த ஆணை ஒன்று, தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்பும் இந்தியர், பரம்பரைக்கும் நிற்கும்படி ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக 1873-ல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி ‘லா போர்த்’ என்று தனக்குப் பெயர் எழுதிக்கொண்டார். வாசல் என்று பொருள். தமிழர்கள் தங்கள் குடும்பப் பெயரைத் தாங்களே யோசித்து வைத்துக்கொள்ள முடிந்த அபூர்வமான இடம் அது.

மலேசியாவில் நிலைமை நேர்மாறு. பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்று, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என எழுதும் வழக்கம் இருப்பதால் பெயர் உறையவே இல்லை. ஊரில் நகர்ந்தது போலவே அங்கும் நகர்கிறது. குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு அங்கே யாரையும் தேட முடியாது. இலங்கை மலையகத்திலும் அப்படித்தான். ஆனால் அந்த இரண்டு நாடுகளுக்கும் பெரும்பாலோர் கங்காணி வழியாகப் போனார்கள். கங்காணி தன் ஊரிலும் தன் உறவிலும் ஆள் சேர்த்தார். அண்ணன் தம்பியும் மாமன் மச்சானும் ஒரே லயத்தில் குடியிருந்தார்கள். அதனால் கப்பல் பட்டியல் இல்லாவிட்டாலும், “எங்களுக்குத் துறையூர்ப் பக்கம்” என்று சொல்லும் நினைவு தங்கியது. நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் மோரீசுக்கும் போனவர்களுக்குப் பட்டியல் துல்லியமாக இருக்கிறது. அறுந்தது நினைவுதான்.

அந்தப் பட்டியல்களின் அருமையை நாம் இன்னும் சரியாக உணரவில்லை. ஃபிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் நாடுகளின் ஒப்பந்தக் கூலிப் பதிவுகளை யுனெஸ்கோ 2011-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மோரீசின் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860-களிலிருந்து எடுத்த குடியேறிகளின் புகைப்படங்களும் அங்கே உண்டு. தன் பூட்டனாரின் முகத்தைப் பார்க்கக்கூடிய ஏழைக் குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை இருக்கும்? 2024-ல் இந்திய அரசு, மோரீசில் வாழும் ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினருக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை உண்டு என்று அறிவித்ததிலிருந்து, அந்தப் பழைய வரிகளுக்குச் சட்ட மதிப்பும் வந்துவிட்டது.

நேட்டால் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட ‘காலனி எண்’ பின்னாளில் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் சொத்துத் தாள்களிலும் தலைகாட்டும். பெயரின் எழுத்து எத்தனை விதமாக மாறினாலும் எண் மாறாது. குடும்பப் பெயர் ஆய்வு என்று தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வீட்டில் பழைய தாள் எதுவானாலும் எடுத்து, அதில் எண் இருக்கிறதா பாருங்கள். எண் கிடைத்தால் வரி கிடைக்கும். வரி கிடைத்தால் பெயரை விட்டுவிடுங்கள். பக்கத்துக் கட்டங்களைப் படியுங்கள்.

அந்தக் கட்டங்களுக்கும் பழைய வரைபடம் வேண்டும். செங்கல்பட்டு ஜில்லா என்று எழுதியிருந்தால் அது இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் மட்டுமல்ல. காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அதற்குள் இருந்தன. தென் ஆற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று. வட ஆற்காடு சித்தூர் வரை நீண்டு கிடந்தது. 1911-ல்தான் சித்தூர் தனி ஜில்லாவானது. எங்கள் ஆசிரியை அம்மா வேலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் தேடிய ஆற்காடு தாலுகா 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

ஊருக்குள் வந்துவிட்டால் அரசு ஏடுகள் பெரிதாக உதவாது. சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல்தான் வந்தது. அதற்கு முன் கப்பலேறியவர்கள் பிறந்ததற்கு ஊரில் எழுத்து கிடைப்பது அரிது. நிலப் பதிவேடு நிலம் உள்ளவர்களுக்கு. பஞ்சம் பிழைக்கக் கப்பலேறியவர்களில் பலருக்குச் சொந்தமாகக் காணி நிலம் இருந்ததில்லை. 1980-ல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டபோது பல ஊர்களில் பழைய கட்டுகள் யார் வீட்டுப் பரணிலோ போய்ச் சேர்ந்தன, கரையானுக்கும் போயின.

மரபணுச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பி வருகிறவர்கள் இப்போது அதிகம். அதன் வரம்பைச் சொல்லிவிட வேண்டும். அக்காள் மகளையும் அத்தை மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்த சமூகங்களில் எல்லோருக்கும் எல்லோரோடும் மரபணுப் பங்கு கூடுதலாகவே இருக்கும். ‘மூன்றாம் தலைமுறைச் சகோதரர்’ என்று கணினி காட்டுகிறவர் உண்மையில் ஆறேழு தலைமுறைக்கு முன் பிரிந்த பல கிளைகளின் கூட்டுத்தொகையாக இருக்கலாம். அதோடு, ஆற்காடு தாலுகாவின் விவசாயக் கூலி எச்சிலைக் குப்பியில் துப்பி வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் அல்லவா அவரோடு பொருந்திப் பார்க்க முடியும்?

ஊரில் இருக்கும் ஏடு வேறு மாதிரியானது. கொங்குக் கவுண்டர்களின் கூட்டங்களும், நகரத்தாரின் ஒன்பது கோயில்களும் எழுதாத குடும்பப் பெயர்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள், பொதுவாகத் தங்களுக்குள் பெண் எடுக்கவோ கொடுக்கவோ மாட்டார்கள். அவ்வளவு ஒழுங்கான அமைப்பு இல்லாத சாதிகளிலும் குலதெய்வம் இருக்கிறது. பேரன் என்ற சொல்லும் இருக்கிறது. பேரன் என்றால் பெயரன், பாட்டன் பெயரை வாங்கியவன். தகப்பன் பெயர் ஏழுமலை என்று பதிவேட்டில் இருந்தால், கப்பலேறாமல் ஊரிலேயே தங்கிய அண்ணன் தம்பிகளின் மூத்த மகன்களில் ஓர் ஏழுமலை இருந்திருப்பார். ஒரு தலைமுறை விட்டு இன்னொரு தலைமுறையில் அந்தப் பெயர் மறுபடி எழும். ஆகவே தேட வேண்டியது முனுசாமியை அல்ல, ஏழுமலையை. முனுசாமி என்ற பெயர் வேறொன்றைச் சொல்லும்: அந்த வீட்டுச் சாமி முனீஸ்வரனாக இருக்கலாம்.

பெண்களின் கதை இன்னும் கடினம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்ற விதிப்படி கப்பலேற்றப்பட்ட பெண்களின் பெயரும் ஊரும் அதே பதிவேட்டில் அதே கட்டங்களில் இருக்கின்றன. ஆனால் அவர்கள் பெயர் யாருக்கும் குடும்பப் பெயராக உறையவில்லை. குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிற ஆய்வு, பூட்டியின் ஊரைத் தேட வேண்டும் என்று நினைக்கக்கூட விடாது. மூன்சாமிக் குடும்பத்திலும் முனுசாமியின் மனைவி எந்தக் கப்பலில் வந்தார் என்று யாரும் பார்த்திருக்கவில்லை. அவர் பெயரே ‘ஆயா’ என்பதுதான் அவர்களுக்கு. டர்பனுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த அம்மாளின் எண்ணைத் தேடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு பெண்ணுக்கு மட்டும் தமிழ் மக்கள் வேறு விதமாக ஒரு குடும்பப் பெயர் கொடுத்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறே வயதில் இறந்த வள்ளியம்மையின் தகப்பனார் முனுசாமி முதலியார். தென்னாப்பிரிக்க வழக்கப்படி அந்தப் பெண் வள்ளியம்மா முனுசாமி. நமக்கோ அவர் தில்லையாடி வள்ளியம்மை. தரங்கம்பாடிக்கு அருகில் இருக்கும் அந்தப் பூர்வீக ஊரில் அவர் பிறக்கவும் இல்லை, வளரவும் இல்லை. ஆனாலும் 1915-ல் காந்தி அவர் நினைவாகத் தில்லையாடிக்கு வந்தார். பதிவேட்டில் கடைசிப் பக்கமாக ஒதுங்கியிருந்த ‘ஊர்’ என்ற கட்டத்தை எடுத்து, பெயருக்கு முன்னால் வைத்துவிட்டார்கள் நம் மக்கள். தமிழர் ஒருவரை இன்னார் என்று அறிவதற்கு அதைவிட உறுதியான பிடி இல்லை.

புதூர் என்று ஒரே தாலுகாவில் எத்தனையோ புதூர்கள். இரண்டு நாளில் மூன்றைப் பார்த்தோம். முதல் இரண்டில் டீ கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது ஊரில் போய் இறங்கியது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாரியம்மன் கோயில் வாசலில் அண்டாவில் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஆசிரியை காரிலிருந்து இறங்கியவுடன் அந்த வாசனையில் நின்றுவிட்டார். டர்பனில் அவர்கள் கோயிலிலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்களாம். ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்பார்களாம். ஏன் கூழ் என்று அவர் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. ஒரு பெண் சொம்பில் ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு கொடுத்தாள். வெங்காயத்தைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லித் தராமலே கடித்துக்கொண்டார்.

நாட்டாமைப் பெரியவர் திண்ணையில் தலைக்கட்டு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். திருவிழாவுக்கு வரி எழுதுகிற நீளமான நோட்டு. கல்யாணமான ஆண் ஒருவர், அவர் குடும்பம் ஒரு தலைக்கட்டு. பக்கத்துக்குப் பக்கம் தலைப்பில் வகையறா பெயர், அதன் கீழே அந்த வகையறாவின் தலைக்கட்டுகள். சடையன் வகையறா, பச்சையப்பன் வகையறா. நான்காம் பக்கத்தில் ஏழுமலை வகையறா, ஏழு தலைக்கட்டு. என்னால் பேச முடியவில்லை. “இந்த ஏழுமலை யாருங்க?” என்று கேட்டேன். “எங்க தாத்தா காலத்துக்கு முன்னாடி. நாங்க யாரும் பாக்கலை. சாமி முனீஸ்வரன், ஏரிக்கரையில இருக்கு” என்றார். கப்பலேறிப் போன பிள்ளை உண்டா என்றதற்கு, “போனவங்க போனாங்க. பஞ்சத்துல நெட்டாலுக்குப் போனாங்கன்னு சொல்லுவாங்க. பேரு தெரியாது” என்றார்.

சான்று என்று வைத்துப் பார்த்தால் இது போதாது. ஏழுமலை என்ற பெயர் அந்தச் சீமையில் தெருவுக்கு ஒன்று. முனீஸ்வரனும் ஏரிக்கரைக்கு ஒன்று. நாங்கள் பார்க்காத புதூர்கள் இன்னும் இருந்தன. அதையெல்லாம் நான் ஆசிரியையிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, தலைக்கட்டு வரி எவ்வளவு என்று கேட்கச் சொன்னார்.

பெரியவர் பேனாவை எடுத்தார். “இன்னா பேரு எழுதட்டும்மா?”

நான் மொழிபெயர்த்தேன். அவர் “மூன்சாமி” என்றார். பெரியவருக்குப் புரியவில்லை. நான் கையிலிருந்த தாளைக் காட்டி, கப்பலில் போனவர் பெயர் முனுசாமி, இவர்களுக்கெல்லாம் அதுதான் இன்று வரை பெயர் என்றேன்.

“அப்ப வகையறான்னு சொல்லுங்க” என்றார் பெரியவர். ஏழுமலை வகையறாவின் ஏழாவது பெயருக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு கோடு போட்டார். அதன் கீழே நிதானமாக எழுதினார்: முனுசாமி வகையறா, நெட்டால், 1.